மாணவர் செயல்பாடு

கல்வியியல் கல்லூரியில் அருள்மொழி முதன்முதலாகக் கற்றுக்கொண்டது கோடு போடுவது. பாடத்திட்டத்தின் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 'ஆசிரியர் செயல்பாடு' என்றும் வலப்பக்கம் 'மாணவர் செயல்பாடு' என்றும் தலைப்பிட வேண்டும். ஆசிரியர் கேட்கும் வினா இந்தப் பக்கம். மாணவர் சொல்லப்போகும் விடை அந்தப் பக்கம். எந்தப் பள்ளி, எந்தக் குழந்தைகள் என்று தெரிவதற்கு முன்பே அக்குழந்தைகளின் வாயிலிருந்து வரவேண்டிய சொற்களை, வேலப்பன்சாவடியை ஒட்டிய அந்தத் தனியார் கல்லூரியில் ஒரு வகுப்பே குனிந்து எழுதியது. கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான். 'ஐயம் ஏதும் உண்டா?' என்பது ஆசிரியர். 'இல்லை, நன்றாகப் புரிந்தது' என்பது மாணவர்.

அடுத்த பாடவேளையில், குழந்தையின் வினா எழுப்பும் ஆர்வத்தைப் போற்றி வளர்ப்பது எப்படி என்று பேராசிரியர் பக்தவத்சலம் குறிப்புச் சொல்லுவார். அதையும் எழுதிக்கொண்டார்கள். இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் இருந்தபடியால், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்காக அவளுக்குக் கிடைத்தது ஆவடியைத் தாண்டிய ஓர் அரசுப் பள்ளி, ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல். முதல் வாரத்திலேயே அந்த வலப்பக்கத்தை ஒரு பெண் கிழித்துப் போட்டாள். பெயர் ஜோதிகா. மின்சுற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கையைக்கூட உயர்த்தாமல் எழுந்து நின்றாள்.

"டீச்சர், சுச்சு இங்க கீது, லைட்டு அம்மாந்தூரம் தள்ளிக் கீது. போட்டவொடனே எரியுதே, கரண்ட்டு அவ்ளோ வேகமாவா ஓடுது?"

அருள்மொழிக்கு விடை தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். வீட்டில் தேடிப் படித்துவிட்டு வந்து, தண்ணீர் நிறைந்து நிற்கும் குழாயைத் திறந்தால் எப்படி உடனே வருகிறதோ அப்படித்தான், கம்பிக்குள் எல்லாம் முன்பே நிறைந்து நிற்கிறது, தள்ளினால் மொத்தமாக நகர்கிறது என்று விளக்கினாள்.

"அப்ப எங்க ஊட்டுப் பைப்புல மட்டும் ஏன் டீச்சர் காத்து வருது?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அருள்மொழியும் சிரித்தாள். தன் வாயிலிருந்து மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு முயன்று துடைத்தெடுத்த பேச்சு அது. முத்தாபுதுப்பேட்டையில் பிறர் வயலில் நாற்று நட்டுக் கிடந்த அவளுடைய தந்தை, இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் நிற்கும் வேம்புலி, இன்றும் பேசுகிற பேச்சு. அன்றிலிருந்து அவள் பாடம் எடுத்ததே அந்தப் பெண் என்ன கேட்பாள் என்பதை எதிர்பார்த்துத்தான். தன் கற்பித்தலுக்கு மதிப்பெண் போடும் செய்முறைத் தேர்வன்று மின்சுற்றுப் பாடத்தையே எடுப்பதென்று முடிவானதும், "அன்னிக்கு நீதான் முன்னாடி வந்து லைட்டை எரிய வைக்கணும்," என்று ஜோதிகாவிடம் வாக்கும் கொடுத்தாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் பக்தவத்சலம் ஏற்பாடுகளைப் பார்வையிட வந்தார். வகுப்பின் பின்வரிசையில் அரைமணி நேரம் உட்கார்ந்தார். பிறகு அருள்மொழியைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"அந்த ரெட்டைப் பின்னல் பொண்ணு நாளைக்கு உள்ள இருக்கக் கூடாது. 'அ' பிரிவுலேர்ந்து பதினஞ்சு பேரை எடுத்துக்கோ. எச்.எம்.கிட்ட சொல்லிட்டேன்."

"சார், ஜோதிகா நல்லாப் படிக்கிற பொண்ணு சார்."

"படிக்காத பசங்களால என்னம்மா ஆபத்து? பயந்துகிட்டு வாயை மூடிகிட்டு உக்காந்திருக்கும். இது கேள்வி கேக்கும்! மார்க்குப் போட வெளியிலேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் முன்னாடி கேட்டு, நீ முழிச்சேன்னு வையி, ஒரு வருஷம் போச்சு."

"பதில் சொல்லிடுவேன் சார்."

"சொல்லுவே. நீ அதுக்குப் பதில் சொல்லிகிட்டிருந்தா முடிவுரையை யாரு சொல்லுவா, எங்கப்பாவா?"

"அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

அவர் உண்மையாகவே வியந்து போனார். "அவளாம்மா உனக்கு மார்க்குப் போடப்போறா?"

இன்னொரு முறை வாதாடியிருக்கலாம். தோற்றால் மறுபடியும் ஓராண்டு என்பதையும், மகள் வாத்தியாராகப் போவதாகக் கம்பெனி வாசலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கும் தந்தையையும் நினைத்தாள். சரி சார் என்றாள்.

மறுநாள் காலையில், பக்கத்து வகுப்பில் பயிற்சி எடுக்கும் நிஷா கண்ணைச் சிமிட்டினாள். "ஏய் அருளு, எங்க கிளாஸ்லேர்ந்து பாதிப் பேரை வேப்பமரத்தடிக்கு அனுப்பிட்டேன். மரத்துக்குப் பாடம் நடத்தப் போறாங்களாம். நம்மளவிட நல்லாவே நடத்துவாங்க!"

அருள்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. தேய்த்த சீருடையும் எண்ணெய் வழியும் பின்னலுமாக ஜோதிகா எதிரே நின்றிருந்தாள். கையில் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்.

"ஒயரு லூசா கீதுல்ல டீச்சர், எங்க நைனா குட்த்துச்சு."

"ஜோதிகா, நீ கொஞ்ச நேரம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போய் இரும்மா."

"நா எதுனா தப்பு பண்ட்டனா டீச்சர்?"

"இல்லம்மா. ஆளு நெறைய ஆயிடுச்சு. இடம் பத்தல."

அந்த நேரம் பார்த்து 'அ' பிரிவுப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். ஜோதிகா அவர்களைப் பார்த்தாள். தன் பெஞ்சில் காவ்யா என்ற பெண் பையை வைப்பதையும் பார்த்தாள். "இந்தாங்க," என்று டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

எக்ஸ்டர்னல் பத்து மணிக்கு மேல் வந்தார். வாசற்படியிலேயே நின்றார். கைப்பேசியில், "சாப்பாடா? மூணு பேருக்குச் சொல்லிடுங்க, ஒண்ணு சைவம்," என்று பேசி முடித்தார். பிறகு இரண்டடி உள்ளே வந்து ஒரு பையனின் தோளில் கை வைத்தார்; பக்தவத்சலம் இடமும் நேரமும் பதியும்படி ஒரு படம் எடுத்தார். எக்ஸ்டர்னல், "குட், கேரி ஆன்," என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்தார். காவ்யா அழுத்திய சுவிட்சுக்கு விளக்கு எரியவேயில்லை. கம்பி தளர்ந்திருந்தது. அருள்மொழி டேப்பைச் சுற்றி இறுக்கினாள். விளக்கு எரிந்தபோது வாசலில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் அவர் திரும்பி வந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் கடைசி வரி வரைக்கும் கொண்டு போனாள். ஐயம் ஏதும் உண்டா என்று கேட்டாள். "இல்லை, நன்றாகப் புரிந்தது," என்று 'அ' பிரிவு ஒரே குரலில் கூவியது, சத்துணவுக் கூடம் வரை கேட்கும்படி.

அன்று பாடம் எடுத்த அத்தனை பயிற்சி மாணவியர்க்கும் ஒரே மதிப்பெண். வேறு வேறாகப் போட்டால் காரணம் எழுத வேண்டும் என்றாராம் எக்ஸ்டர்னல்.

அருள்மொழி சத்துணவுக் கூடத்துக்குப் போனாள். வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட மற்றவர்கள் கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜோதிகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த சாரு இன்னா கேட்டாரு டீச்சர்?"

"ஒண்ணும் கேக்கலம்மா. வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாரு."

ஜோதிகா சற்று யோசித்தாள்.

"அப்ப நா உள்ள இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

அதில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலச் சொன்னாள். பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்து வகுப்புக்குப் போனாள்.

அடுத்த வாரம் பயிற்சியின் கடைசிப் பாடம், நிழல். கையொப்பமிட வந்த பக்தவத்சலம் பின்வரிசையில் இருந்தார். ஜோதிகா தன் பெஞ்சில்தான் இருந்தாள். காலையில் நீண்டு கிடக்கும் நிழல் நண்பகலில் ஏன் சுருங்குகிறது என்பதை அருள்மொழி வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினாள். கேட்பதற்கு இடம் விட்டாள். ஜோதிகாவின் உதடு பிரிந்தது. அருள்மொழி காத்திருந்தாள். உதடு மூடிக்கொண்டது. மிச்சப் பாதியை அருள்மொழியே சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று.

"ஐயம் ஏதும் உண்டா?" என்றாள். "ஜோதிகா, உனக்கு?"

அந்தப் பெண் எழுந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். ஓர் எழுத்தும் தேயாமல் சொன்னாள்:

"இல்லை, நன்றாகப் புரிந்தது."

பக்தவத்சலம் பாடத்திட்டத்தை வாங்கி, இரண்டு பக்கங்களையும் விரலால் தடவிச் சரிபார்த்து, கீழே பச்சை மையில் கையொப்பமிட்டார்.

"பாத்தியாம்மா? இன்னிக்குத்தான் எழுதுனபடியே நடந்திருக்கு."