கருவாட்டை விட்டுப் போன கடற்காகங்கள்

1961 மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்புறம் முல்லைத்தீவு கள்ளப்பாட்டிலிருந்து நான்கு வள்ளங்கள் கடலுக்குப் போயின. மூன்று திரும்பின.

திரும்பாதது அன்னபாக்கியத்தின் புருஷன் வீரகத்தியின் வள்ளம். தனியே போயிருந்தான். அவளுடைய தம்பி கனகலிங்கம் வடக்கே சுண்டிக்குளம் பக்கம் தேடிவிட்டுப் புதன் மத்தியானம் வெறுங்கையோடு வந்து, மீன்வாடிக் கொட்டில் நிழலில் விழுந்து கிடந்தான். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அன்னபாக்கியம் மணலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாடைக்காற்றோடு வந்து சோளகக் காற்றுத் தொடங்கப் போய்விடும் வெள்ளைக் கடற்காகங்களோடு அவளுக்கு வருஷா வருஷம் சண்டை. நந்திக்கடல் ஏரியிலிருந்து கிளம்பி நேரே அவளுடைய மீனில்தான் இறங்கும். தடியும் வசவும் இல்லாமல் அவள் கருவாடு போட்டதே இல்லை.

மீன் வாங்க வந்த பாறூக் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கருவாட்டைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, உன்ரை சம்பந்திமார் இண்டைக்குப் பந்திக்கு வரேல்லையோ?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். தலைக்கு மேலே கடற்காகங்களில் ஒரு கூட்டம் போனது. கீழே விரித்துக் கிடந்த மீனை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. தென்கிழக்கே, ஒரே குறியாய். பின்னால் இன்னொரு கூட்டம். காலையிலிருந்தே தடியைத் தொடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

தம்பியை உலுப்பி எழுப்பினாள்.

"வள்ளத்தை இறக்கடா. தென்கிழக்காலை போ."

"குருவியளைப் பாத்தோ? உனக்கென்ன விசரே அக்கா?"

"காலடியிலை கிடக்கிற மீனை விட்டிட்டுப் போகுதுகள். ஆரோ அங்கை மீன் வெட்டுகினம். மற்ற வள்ளமெல்லாம் இஞ்சை கரையிலை நிக்குது."

கனகலிங்கம் வானத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து வள்ளத்தடிக்குப் போனான். தள்ளுவதற்குப் பாறூக்கும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

பொழுதுபடும் நேரம் ஒரு வள்ளம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. மேலே வெள்ளையாய்ப் பறவைகள். பாய்மரம் முறிந்து, துடுப்பும் போய், வீரகத்தி உதடு வெடித்துக் கிடந்தான். செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"மீன் நாறிப்போடுமெண்டு வெட்டி வெட்டிக் குடலை எறிஞ்சனான். இந்தச் சனியனுகள் மேலை நிண்டு ஒரே கத்தல். பெரிய கரைச்சல்."

"ஏசாதேங்கோ," என்றாள் அன்னபாக்கியம். அவள் அழுதுகொண்டிருந்தாள். "கும்பிடுங்கோ."

அவன் விளங்காமல் அவளைப் பார்த்தான். பிறகு, அவள் சொன்னதற்காக, மேலே பார்த்துக் கும்பிட்டான்.

வெட்டிய மீன் பாதிக்கு மேல் பழுதாகியிருந்தது. அடுத்த கிழமை புதுப் பாய்மரம் நாட்டி வீரகத்தி கடலுக்குப் போனான்.