கறுவல் கோலுக்குள் நின்ற படம்

ஞானசவுந்தரிக்கு இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப்போயிருந்தது. காலை ஆறரை தொடக்கம் நண்டுக் கொம்பனியில் நின்றபடியே சதை பிரித்தவள், பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருக்க முடிந்தது. ஓடு கீறிய விரல்நுனிகள் எரிந்தன. என்றாலும் வந்தாள். கோயில் மண்டபத்தில் போடுகிற படத்தில் கோல்கீப்பராக நிற்பது அவளுடைய கிடாய்.

பிள்ளைகளோடு பார்க்கிற பகிடிப் படம். எல்லாரிடமும் தோற்கிற உதைபந்தாட்ட அணியொன்று ஆட்டைக் கோலுக்குள் நிறுத்தி வெல்கிறது. அவளுடைய கிடாய் கறுவல், குட்டியிலேயே கரையிலுள்ள மீன்வாடியில் தொங்கும் வலை மிதப்புகளை முட்டி முட்டி வளர்ந்தது. பாரிசிலிருந்து படமெடுக்க வந்த டெனிஸ்ரன் அதைக் கண்டு, முருங்கையிலை காட்டி ஒரு மாதத்தில் பந்து முட்டப் பழக்கிவிட்டான்.

கறுவல் அந்தோனியாருக்கு நேர்ந்த கிடாய். இரண்டு வருசத்துக்கு முன் படகு இயந்திரம் பழுதாகி, கடலுக்குப் போன புருசன் கிறிஸ்தோப்பர் மூன்று நாள் கரைக்கு வரவில்லை. குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு, இதைத் தாறன், அவரைத் தா என்று அவள் முழங்காலில் நின்றாள். நாலாம் நாள் வந்தான். நேர்த்திக் கிடாய்களைத் திருநாள் பூசை முடிய ஏலம் விடுவார்கள். படத்தில் நடித்த கிடாயென்றால் கூட விலைக்குக் கேட்பார்கள், காசு அந்தோனியாருக்குத்தானே என்று நினைத்து இரவல் கொடுத்தது அவள்தான். நேர்ந்ததை வெளியில் விடாதையும் என்று கிறிஸ்தோப்பர் சொல்லித்தான் பார்த்தான்.

திரையில் கடைசி ஆட்டம். சாட்டிக் கடற்கரை மணலில் கறுவல் எழும்பிப் பந்தை முட்டியது. இறங்கும்போது முன்னங்கால் மடங்கி, கொம்பு மண்ணில் குத்த, கரணமடித்து விழுந்தது. அதை மெதுவாக்கி, பீப்பீ இசை போட்டு, இரண்டு தரம் காட்டினார்கள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

"பாரன் அதின்ர நடிப்பை," என்றாள் பின்னாலிருந்த மாக்கிறேற்.

"அதிலைதான் கால் முறிஞ்சது," என்றான் பக்கத்துக் கதிரையிலிருந்த கிறிஸ்தோப்பர், ஞானசவுந்தரியின் காதுக்குள்.

"எனக்கேன் சொல்லியனுப்பேல்லை?"

"சொல்லி? நொண்டியை ஏலத்திலை ஆர் கேப்பினம்? படமெடுத்த பொடியள் வெட்டுவமோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டனான்."

கால் முறிந்த அன்று பின்னேரம் அவன் கொண்டுவந்த இறைச்சிப் பையை, படம் எடுத்து முடிந்த விருந்துப் பங்கு என்றுதான் வாங்கினாள். நல்ல பசி. எலும்பையும் உறிஞ்சினாள். சட்டி கழுவின பிறகுதான் அது கறுவல் என்று சொன்னான்.

வேறை கிடாய் வாங்கித் தாறன் அக்கா என்று டெனிஸ்ரன் இரண்டு தரம் வந்தான். "நான் காதைப் பிடிச்சது அதின்ரை," என்று திருப்பியனுப்பினாள்.

படம் முடிய முன்னமே கிறிஸ்தோப்பர் எழும்பிவிட்டான். விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போகவேண்டும்.

"வாருமன்."

"நாளைக்குப் போகாதேங்கோ."

"போகாமல் என்னத்தைத் தின்னுறது?"

அவன் போக, அவள் கதிரையிலேயே இருந்தாள். திரையில், கால் முறிய முன்னமே எடுத்த காட்சியில், பிள்ளைகள் கறுவலைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். அது வாயை அசைத்து எதையோ மென்றபடி, மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அந்தோனியாருக்கு அவள் இன்னும் கறுவலைக் கொடுக்கவேண்டியிருந்தது.