தராசுக்காரியின் தம்பி

அக்காவுக்குக் கைராசிக்காரி என்று பட்டம் சூட்டியவன் தம்பிதான். பேட்டரிக்குள் போகும் கறுப்புப் பொடியைத் தயாரிக்கிற ஆலையில் இருவருக்கும் ஒரே அறை. நிக்கலும் கோபால்ட்டும் மாங்கனீசும் சேர்ந்த பழுப்புப் பொடியை அவன் சலித்துக் கொடுப்பான். அதற்கு வேண்டிய லித்தியம் உப்பை அவள் எடை போட்டுக் கலப்பாள். பிறகு அதைப் பீங்கான் தட்டுகளில் பரப்பி, ஆக்சிஜன் ஓடும் உலைக்குள் அனுப்புவார்கள். உலைச் சூட்டில் லித்தியம் கொஞ்சம் ஆவியாகிப் போகும் என்பதால், கணக்குக்குச் சற்றுக் கூடவே போட வேண்டும். அந்தச் சற்று தப்பினால் வெந்து வருவதெல்லாம் குப்பைதான்.

அப்படித்தான் ஒரு சமயம் வரிசையாகக் குப்பை வந்தது. அறையையே இழுத்து மூடிவிடுவேன் என்று மேலாளர் தாம்தூம் என்று குதித்தார். எல்லோரும் உலையைத் திட்டினார்கள். அக்கா மட்டும் தராசைப் பார்த்தாள். தலைக்கு மேல் தூசி உறிஞ்சும் விசிறி ஓடினால் தராசின் எண்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நைசான வெள்ளை லித்தியப் பொடியும் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. எடை போடும் நேரத்துக்கு மட்டும் விசிறியை நிறுத்தினாள். பொடி தங்கமாய் வந்தது. எப்படி என்று மேலாளர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எடை போடும் நேரம் மட்டும் என்பது நாளடைவில் வேலை நேரம் முழுக்க என்றாகிவிட்டது. சும்மா சும்மா எழுந்து போய்ப் பொத்தானை அழுத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது? விசிறி நின்ற அறை புழுங்கியது. தம்பி முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு சலித்தான்.

"மூக்கை மூடுடா எருமை."

"மூடினா மூச்சு விட முடியலக்கா."

அப்போது அது வெறும் பேச்சு. இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில், தம்பி இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். நுரையீரல் உலோகத் தூசியால் புண்ணாகிவிட்டது, இனி தேறாது, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளவே ஆயுசு முழுக்க மருந்து வேண்டும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பக்கத்து அறையில் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி விசாரித்துக்கொண்டிருந்தார். விசிறி ஓடவில்லை என்றால் வைத்தியம் ஆலையின் பொறுப்பு. ஓடியும் அவன் முகமூடி போடவில்லை என்றால் அவன் பாடு.

கூடப்பிறந்தவனுக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று அக்கா வழியெல்லாம் அழுதிருந்தாள். வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

"நான் சொல்லப் போறேன்டா."

"நான் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"விசிறி ஓடுச்சுன்னு. நான்தான்... முகமூடி போடலன்னு."

"உனக்கென்ன பைத்தியமா? மருந்துக்கு எங்கடா போவ?"

"உன் சம்பளத்துக்குத்தான்." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "நீ உண்மையச் சொன்னா... உன்னை உடனே தூக்கிடுவாங்க. எனக்கு இதோ அதோன்னு... வருஷக்கணக்கா இழுத்தடிப்பாங்க. அதுவரைக்கும் என் பொண்ணுக்கு யாருக்கா சோறு போடுவா?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அவள் எழுந்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மூட்டை மூட்டையாகத் தூக்கிய கை அது. இப்போது அந்தப் பிடியை ஒரு குழந்தைகூட உதறிவிடும். அவள் மெல்ல விரல்களை விலக்கிவிட்டுப் போனாள்.

அதிகாரி நாற்காலியைக் காட்டினார். "தூசி விசிறி ஓடிட்டுத்தானே இருந்துச்சு?"

வெளியே தம்பி இருமிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்துங்கள் என்றார் அதிகாரி. அவளே எழுந்துபோய்ச் சாத்தினாள்.

"ஓடிட்டுத்தான் இருந்துச்சு சார்" என்றாள்.