படியேறினால் மூச்சு வாங்குகிறதா?

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. இதய மருத்துவமனையில், மடியில் என் படிவத்தோடு முறைக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு மகள் தன் அப்பாவுக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்டது பாதி, மீதி கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரணம் அவர் வாசலில் வந்து...' சே, வேண்டாம். படிவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2.
வயது எழுபத்து நான்கு. சர்க்கரை இருபது வருடமாக. மாரடைப்பு முன்பு ஒருமுறை. சிகரெட் விட்டாயிற்று. (மகள் ஒரு பார்வை பார்த்தாள், அவர் மின்விசிறியைப் பார்த்தார்.)

படியேறினால் மூச்சு வாங்குகிறதா? இல்லை என்று அடித்துச் சொன்னார். மகளும் நிம்மதியாக டிக் போட்டாள். அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியும், அதை நம்பி ஏறமாட்டேன் என்பார். வீட்டுக்கு மூன்று மாடியும் நடந்தே ஏறுகிறவர்.

[இந்த மனிதர்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.]

3.
ரத்தம் எடுக்க இரண்டாம் மாடி. மகள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். அவரோ லிஃப்டில் ஏறி, பழகிய கையால் பொத்தானை அழுத்திவிட்டார். அவளுக்குப் பகீரென்றது.

"எப்ப இருந்துப்பா?"

"ரெண்டு மாசமா."

"அப்புறம் ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"படியேறினா வாங்குதான்னுதானே கேட்டாங்க. நான்தான் ஏறறதே இல்லையே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. அவரைத் திரும்பக் கூட்டிவந்து, 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதினாள். அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.*

4.
முடிவு ஒன்று: லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கிறது, அவர் இதயமும்... எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். ஓர் உவமைக்காக ஆளைக் கொல்வதா?

முடிவு இரண்டு: மறுநாள் சோதனையில் ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஒரு டிக்கைத் திருத்தாமல் விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். மகள் வராந்தாவில் ஒரு பாட்டம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இதையே வைத்துக்கொள்கிறேன், அப்பாடா.

5.
ஒரு மாதம் கழித்து, அவர்கள் வீட்டுப் படிக்கட்டு. மெதுவாக ஏறலாம், மூச்சு வாங்கினால் மறைக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. முதல் மாடித் திருப்பத்தில் நிற்கிறார். மகளும் நிற்கிறாள்.

"கொஞ்சம் வாங்குதும்மா," என்கிறார், தானாகவே.

அவள் படியில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விடுகிறாள். அவரும் உட்காருகிறார். இன்னும் இரண்டு மாடி இருக்கிறது. அங்கே அவர்களைக் கொண்டுசேர்ப்பது உங்கள் பாடு, வாசகரே. அவசரப்படுத்தாதீர்கள்.

* அப்போது நானும் என் படிவத்தில் ஒரு டிக்கைத் திருத்தினேன். எதை என்று கேட்காதீர்கள்.