மூன்றாம் இயந்திரத்தின் சிவப்பு விளக்கு

1

இந்தக் கதை சோப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அலமாரியில் முப்பத்தொரு சோப்புகள் இருக்கின்றன. என் கணவர் போய் ஐந்து மாதமாகிறது. தனி ஆளுக்கு ஒரு சோப்பு ஒன்றரை மாதம் வரும். மீதி எத்தனை வருடத்துக்கு வரும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு இதை எழுதுவதே மேல் என்று பட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அவர் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பெரிய கடையில் பில் போட்டார், ஒருநாள் அங்கே ஆறு இயந்திரங்கள் வந்திறங்கின.” உண்மைதான். ஆனால் இரங்கல் செய்தி மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்த தொடக்கம்: “மனிதனின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொள்ளும் இந்தக் காலத்தில்...”

வேண்டாம். இதைப் படித்துக் காட்டியிருந்தால் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வாங்க வருபவர்களே பார்கோடைக் காட்டிப் பணம் கட்டிவிட்டுப் போகும் இயந்திரங்கள் அவை. பில் போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரில் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள். இவரை மட்டும் உதவியாளர் என்று பெயர் மாற்றித் தூணருகே நிறுத்தினார்கள். எந்த இயந்திரத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அங்கே போய், கழுத்திலிருக்கும் அட்டையைக் காட்டி அணைக்க வேண்டும்.

அன்று சாப்பிடும்போது சொன்னார்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ என்னக் கூப்பிடறாங்கன்னு மெஷினே எண்ணுமாம். ரொம்பக் கொறஞ்சா ஆளே வேண்டாமாம்.”

“அப்ப யாருக்கும் சொல்லிக் குடுக்காதீங்க. திணறட்டும்.”

“அதெப்படி? கண்ணு முன்னாடி ஒருத்தர் முழிச்சிட்டு நிக்கறப்ப நான் கூரையப் பாத்துட்டு நிக்கவா?”

சொல்லிக்கொடுத்தார். ஒரே ஆளுக்கு ஏழு தடவை வேண்டுமானாலும். இரண்டே மாதத்தில் அந்த வட்டாரமே தேறிவிட்டது. விளக்கு எரிவது குறைந்துபோனது.

3

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். என்னைக் கெட்டிக்காரியாகக் காட்டிய இரண்டையும் கிழித்துவிட்டேன்.]

தினமும் நாலு மணிக்கு நான் கடைக்குப் போகத் தொடங்கினேன். ஒரு சோப்பு எடுப்பேன். பார்கோடைக் காட்டியதும் பொருளைப் பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும். தட்டு எடை பார்க்கும். நான் சோப்போடு கைப்பையையும் வைத்துவிடுவேன். எடை ஒத்துப்போகாது. சிவப்பு விளக்கு.

வருவார்.

“மேடம், பைய எடுத்துடுங்க.”

“ஐயோ, மறந்துட்டேன் சார்.”

“நேத்தும் மறந்தீங்க.”

“வயசாகுதில்ல சார். எங்க வீட்டுக்காரரும் இதுக்குத்தான் திட்டறார்.”

“நல்ல மனுஷனாத்தான் இருப்பார். பொறுத்துப் போங்க.”

சிரிக்கவே மாட்டார். அணைத்துவிட்டுத் தூணுக்குத் திரும்புவார். பணம் கட்டுவதற்குள் இன்னும் மூன்று தடவை எரியவைப்பேன். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சோப்புகளை அலமாரியில் அடுக்கியது அவர்தான்.

(குறிப்பு: எப்போதும் மூன்றாம் இயந்திரத்துக்குத்தான் போவேன். தூணிலிருந்து நாலு எட்டு எடுத்து வைத்தால் போதும். அவருக்கு முழங்கால் வலி.)

ஒருநாள் பையை வைத்தேன். விளக்கு எரியவில்லை. பக்கத்து இயந்திரத்திலும் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. தூணருகிலிருந்து என்னைப் பார்த்தபடி நின்றார். நான் சோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம், “நாளையிலேர்ந்து வேண்டாம்னுட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதன்பின் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். பிறகு நெஞ்சுவலி. (இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். கதைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக நான் முடிச்சுப் போட மாட்டேன்.)

4

துக்கம் கேட்க அந்தக் கடையின் வாசல் காவலாளி வந்திருந்தார்.

“அண்ணனுக்கு மூணாம் நம்பர் மெஷின்தான் அண்ணி எமன்.”

“ஏன்?”

“மத்த அஞ்சும் கூப்பிடறதே இல்ல. அது மட்டும் கத்திக்கிட்டே கெடந்துச்சு. கோளாறுன்னு ஆளக் கூப்பிட்டாங்க. வந்தவன் ஆறுலயுமே எடை பாக்கறத நிறுத்திட்டுப் போய்ட்டான். அப்புறம் அண்ணனுக்கு என்ன வேல? எல்லாத்துலயும் மாறி மாறி எரிஞ்சிருந்தா, ஜனங்களுக்கு இன்னும் பழகலன்னு அண்ணன வேலையில வச்சிருப்பாங்களாம். மேனேஜரே சொன்னாரு.”

“அவருக்கு இது தெரியுமா?”

“தெரியல அண்ணி. அண்ணன் எதத்தான் வாய்விட்டுச் சொன்னாரு?”

வாசலில் நிற்பவர். நான் உள்ளே போவதைத்தான் பார்த்திருக்கிறார். எந்த இயந்திரத்துக்கு என்று பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

5

முடிவு ஒன்று: அவருக்குத் தெரியாது. பாழாய்ப்போன மெஷின் என்று திட்டியபடியே இருந்துவிட்டுப் போனார். எனக்கு வசதியான முடிவு. ஆனால் அவர் எதையும் திட்டிக் கேட்டதில்லை.

முடிவு இரண்டு: தெரியும். முதல் வாரமே தெரியும். அப்படியானால், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் என்னிடம் மட்டும் “அஞ்சாவதுக்குப் போ” என்று ஏன் சொல்லவில்லை? ஒருவேளை, நான் பக்கத்தில் வந்து நிற்பதே அவருக்கு

இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. முப்பது வருடம் கூடவே இருந்தவள். இருந்தும் இந்த ஒரு பதிலை அவர் வாயில் வைத்தால் அது என் குரலில்தான் வருகிறது.

6

எழுதுகிறவள் நடந்ததை மாற்றலாம். நேற்று மாற்றிப் பார்த்தேன். கோடியில் இருக்கும் ஆறாம் இயந்திரத்துக்குப் போனேன். பையை வைத்தேன். விளக்கு எரிந்தது. வேலை பிழைத்துக்கொள்ளும். அவரும் தூணை விட்டுக் கிளம்பினார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். ஒவ்வொரு எட்டையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. ஐந்தாவது இயந்திரம் வரை எழுதினேன். அதற்குமேல் என்னால் நடக்க வைக்க முடியவில்லை.

அங்கேயேதான் நிற்கிறார். என்னிடம் அழைத்து வருவீர்களோ, தூணுக்கே திருப்பி அனுப்புவீர்களோ, அது உங்கள் பாடு. எதுவானாலும் சீக்கிரம் முடிவெடுங்கள். ரொம்ப நேரம் நிற்க அவரால் முடியாது.