நல்லாத் தண்ணி

உள்துறைமுக வீதியில் மெத்தைக் கடை எரிந்த காலையில், புகையைக் கண்ட தம்பலகாமத்து யானைகள் மழை இருட்டென்று நினைத்துக் காட்டுக்குத் திரும்பிவிட்டனவாம். யானைகளை யாரும் போய்க் கேட்கவில்லை. ஆனால் புகை அவ்வளவு பெரிது.

எரிந்தது மேல்மாடி. கீழே இராசமலரின் தையல்கடை. நெருப்பு அங்கே ஒரு நூலைக்கூடத் தொடவில்லை. மேலே அடித்த தண்ணீர்தான் படியால் இறங்கி வந்தது. வந்த வேகத்தில் இரண்டு திருக்கை குடும்பத்தோடு நீந்தியிருக்கலாம். காலால் மிதிக்கும் தையல் மெசின்கள் பன்னிரண்டும் முழுகி எழும்பியிருந்தன.

பத்து நாளில் கிளிவெட்டியில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. நானூறு பிள்ளைகளுக்கு அவள்தான் உடுப்புத் தைக்கவேண்டும். மெசின் துருப்பிடித்தால் கடையும் போச்சு, கொடுத்த சொல்லும் போச்சு. இராசமலர் கலங்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தைத்து முடிப்பேன் என்று பள்ளிக்கூட அதிபருக்குப் போனில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள்.

புருசன் சோமசேகரம் தீயணைப்புக்காரன் சுலக்சனை விசாரித்துவிட்டு முகம் மலர வந்தார். அடித்தது நல்ல தண்ணிதானாம்; துடைத்து, வெயிலில் காயவிட்டு, எண்ணெய் போட்டால் சரியாம். மத்தியானத்துக்குள் மெசின்கள் நடைபாதையில் வரிசையாக நின்றன. அவர் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார்.

இராசமலர் முதல் மெசினின் சக்கரச் சில்லைச் சுற்றினாள். இறுகியது. காய்ந்த இரும்பில் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. அவள் குனிந்து, வீதி முழுக்கப் பார்த்திருக்க, சில்லை நக்கினாள். வங்காள விரிகுடா மொத்தமும் அந்தச் சில்லில் இருந்தது.

"என்னப்பா கேட்டனீங்கள் அந்தப் பொடியனிட்ட?"

"நல்ல தண்ணியோ எண்டுதான் கேட்டனான். ஓம் ஐயா, நல்லாத் தண்ணி அடிச்சனாங்கள் எண்டவன்."

"நல்லாத் தண்ணி அடிச்சனாங்கள் எண்டு ஒருத்தன் சொல்ல, அதை நம்பி வந்த ஆள் திருகோணமலையிலயே நீங்கள் ஒராள்தான்."

நடந்தது இதுதான்: வண்டியில் இருந்த தண்ணீர் பத்தே நிமிடத்தில் முடிய, குழாயைத் துறைமுகத்துக்குள் இறக்கிவிட்டார்கள்.

உப்பின்மேல் எண்ணெய் போட்டால் உப்பு உள்ளேயிருந்து இரும்பை அரிக்கும். இராசமலர் போத்தலைப் பறித்து மூடினாள். படகுகளுக்குக் குடிதண்ணீர் ஏற்றும் முனீபுக்குப் போன் எடுத்து, தண்ணீர்ப் பவுசரைக் கொண்டுவந்து மெசின்களை நனைக்கச் சொன்னாள். நெருப்பு கண்ட அதிர்ச்சியில் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, முனீப் பவுசரோடு மனைவி ஸஹ்ராவையும் ஏற்றி வந்தான்.

"அக்கா, நனைஞ்ச மெசினுக்கு இன்னும் தண்ணியோ?"

"காலமை நடந்தது கடல்ல விழுந்தது, தம்பி. இனித்தான் குளிப்பு."

பின்னேரம் வரை மெசின்களுக்குக் கும்பாபிசேகம் நடந்தது. உப்புப் போய்விட்டதா என்று பார்க்க நாக்கைவிட நல்ல கருவி அந்த வீதியில் இல்லை. ஆறு சில்லை அவள் நக்கினாள். மற்ற ஆறும் சோமசேகரத்தின் தண்டனை. ஏழு தேத்தண்ணி குடித்தும் வாயில் இரும்பு போகவில்லை என்று முறைப்பட்டார். பிறகு காற்றாடி, பிறகு வெயில், கடைசியாகத்தான் எண்ணெய்.

மூன்றாம் நாள் கடைத் தையல் பெண்கள் மிதிக்க, பதினொரு மெசின்கள் ஒன்றாக ஓடின. அந்தச் சத்தத்தில் துறைமுகத்துக் கப்பலொன்று நங்கூரம் தூக்கப் பார்த்ததாம். நானூறு உடுப்புக்கு அது தாராளம். பன்னிரண்டாவது மட்டும் அசையவில்லை.

இராசமலர் அதைப் புருசனுக்கு முன்னால் இழுத்து வைத்தாள்.

"இது உங்கட ஆறில ஒண்டு. இன்னொருக்கா நக்குங்கோ."