தபித்தாள் பின்சீட்டுக்கு மாறிய கதை

1

இந்தக் கதை எனக்குக் கோயம்புத்தூரில், ஒரு கண் மருத்துவமனையில் காத்திருந்தபோது கிடைத்தது. பக்கத்து நாற்காலி அம்மாள் என்னோடு பேசிக்கொண்டே என் காதைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"உங்களத்தானுங்க பாக்கறேன். நேராப் பாத்தா உங்க மூஞ்சி காணாமப் போயிருதுங்க."

குன்னூர்க்காரர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கதைக்காகத் தபித்தாள் என்று பெயர் வைத்தேன். முதல் வரியும் எழுதினேன்: 'தபித்தாளின் உலகம் மெல்ல இருண்டது.' உடனே அடித்துவிட்டேன். இருளவேயில்லையே!

2

அறுபத்தாறு வயதிலும் குன்னூர் மேடுபள்ளங்களில் ஸ்கூட்டர் ஓட்டியவர் தபித்தாள். பின்சீட்டில் கணவர் தேவநேசன், மடியில் காய்கறிப் பையோடு. அவருக்கு சைக்கிள்கூட வராது.

ஒருநாள் காலையில் பனி ஹெல்மெட் கண்ணாடியை மறைத்தது. தபித்தாள் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, இடது கண்ணை உள்ளங்கையால் துடைத்தார். அந்த நேரம் வலது கண் மட்டும் பார்த்தது. எதிரே டீ ஃபேக்டரியின் புகைபோக்கி நடுவில் வளைந்து நின்றது. கையை எடுத்தார். நேரானது.

[இங்கே அவர் பயத்தைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். பயந்தார். யாரிடமும் சொல்லவில்லை.]

சில மாதங்களில் இடது கண்ணிலும் நடுவில் ஒரு கலங்கல். ஒருநாள் இறக்கத்தில், சாலையைக் கடந்த பெண்ணை அவள் அலறிய பிறகுதான் தபித்தாள் பார்த்தார். பிரேக் பிடித்ததில் வண்டி சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை.

"கண்ணு தெரியலையாக்கா?" என்று அந்தப் பெண் கத்தினாள்.

"பனிங்கம்மா..." என்று தேவநேசன் இழுத்தார். அன்று பளீரென்று வெயில்.

"பனியில்லீங்க," என்றார் தபித்தாள். "எனக்குத்தான் தெரியல."

3

டாக்டர் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். காலமெல்லாம் கரும்பலகையில் நேர்கோடு போட்டவருக்குக் கோடுகள் நெளிந்தன.

"விழித்திரைக்கு நடுவுல மாகுலான்னு ஒரு சின்ன எடம். படிக்கறது, மொகம் பாக்கறது எல்லாம் அதாலதான். வயசானா சிலருக்கு அது தேயும். உங்களுக்கு வலது கண்ணுல ரத்தக்குழாயும் கசியுது. ஊசி போட்டா இருக்கறதக் காப்பாத்தலாம். போனது பெரும்பாலும் திரும்பாதுங்க."

"முழுசாக் குருடாயிருவேனுங்களா?"

"அப்படி ஆகாதும்மா. ஓரப்பார்வை இருக்கும். கொஞ்சம் பக்கவாட்டுல பாத்துப் பழகுங்க."

(வாசகரே, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பார்த்துவிட்டு வாருங்கள். வளைந்தால் தள்ளிப்போடாதீர்கள். கதை காத்திருக்கும்.)

4

வீட்டுக்கு வந்ததும் தபித்தாள் சாவியை மேசைமேல் வைத்தார்.

"வித்துருங்க."

தேவநேசன் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு, "விக்க வேண்டாம் தபித்தா. எனக்குச் சொல்லிக்குடு," என்றார்.

தபித்தாள் சிரித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. [இந்த இடத்தில் தேவநேசன் மனைவியைத் தேற்றச் சும்மா சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம். அல்லது அவருக்கு உண்மையிலேயே ஓட்ட ஆசை இருந்திருக்கலாம்.]

சர்ச் மைதானத்தில் பழகும்போது தேவநேசன் இரண்டு முறை விழுந்தார். பழகுநர் உரிமம் வாங்கி, ஆளில்லாத எஸ்டேட் ரோட்டுக்கு வந்தார்கள். பின்சீட்டில் அமர்ந்த தபித்தாள், வாழ்க்கையின் மறுபக்கத்தை... வேண்டாம், இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

"ஏனுங்க, நிறுத்துங்க! எடது பக்கம் காட்டெரும!"

தேவநேசன் வண்டியை நிறுத்தினார். தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை இறங்கி, அவர்கள் முன்னால் ரோட்டைக் கடந்து போனது. சக்கரத்தையே பார்த்து ஓட்டிய அவர் கண்ணில் அது பட்டிருக்கவேயில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஓரத்துல என்னமோ அசைஞ்சுதுங்க," என்றார் தபித்தாள். குரலில் பழைய டீச்சர் இருந்தார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தேவநேசன் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குகிறார். மற்றொன்றில் ஊன்றிவிடுகிறார், மறுபடி விண்ணப்பிக்கிறார். இரண்டையும் கிழித்தேன். ஏனென்றால் தேர்வு வரும் திங்கட்கிழமைதான்.

மருத்துவமனையில் நர்ஸ் கூப்பிட்டார். ஊசிக்குப் போகிற தபித்தாள் கதவருகே நின்றார்.

"எட்டுப் போடறப்பக் கீழ குனியாதீங்க. போற எடத்தப் பாருங்க."

அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த தேவநேசன் தலையாட்டினார். கதவு மூடியபின், மடியிலிருந்த அவர் வலது கை, அங்கே இல்லாத ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.